சத்து சேர்த்தது என்று விற்கும் பொருட்கள்: காசு கொடுத்து வாங்கலாமா?

2 நவம்பர் 2025, வாசகர் ஒருவரின் கேள்வி

என் மகளுக்கு ஏழு வயது. ஒல்லியாக இருக்கிறாள், சாப்பாட்டில் அக்கறை இல்லை. அதனால் மாதச் சாமான் வாங்கும்போது சத்து சேர்த்தது என்று போட்டிருப்பதாகப் பார்த்து எடுக்கிறோம். பாலில் கலக்கும் பவுடர், ராகி பிஸ்கட், கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய், மாமனாருக்கு இந்துப்பு, அப்புறம் அந்தக் குட்டி பாட்டில் ப்ரோபயாடிக். சாதாரணப் பொருளோடு ஒப்பிட்டால் மாதம் ஆயிரத்துக்கு மேல் கூடுதலாகப் போகிறது. கொடுக்கிற காசுக்கு உள்ளே ஏதாவது இருக்கிறதா, இல்லை அட்டையில் எழுதியதற்குத்தான் கொடுக்கிறோமா?

2 நவம்பர், இரவு

கோவில்பட்டிப் பக்கம் மளிகைக்கடை வைத்திருக்கிறோம். நீங்கள் சொன்ன எல்லாமே எங்கள் கடையில் விற்பவைதான்.

மொத்தமாக நல்லது, மொத்தமாகக் கெட்டது என்று சொல்ல முடியாது. சத்து சேர்த்த பொருட்களில் யோசிக்காமல் வாங்கச் சொல்வது அயோடின் உப்பு. யோசித்து வாங்குங்கள் என்று நான் வாடிக்கையாளரிடமே சொல்வது பாலில் கலக்கும் டப்பா பவுடர். இரண்டிலும் சத்து சேர்த்திருப்பது உண்மை. ஆனால் எதில் சேர்த்திருக்கிறார்கள்?

உப்பு எல்லா வீட்டிலும் தினமும் இருப்பது. அயோடின் இருக்கிறதே என்று யாரும் ஒரு கரண்டி கூடுதலாகப் போடுவதில்லை. விலையும் பெரிதாக ஏறுவதில்லை. டப்பா பவுடர் அப்படியில்லை. அதில் வைட்டமின் வேண்டுமென்றால் கூடவே சர்க்கரையும் வயிற்றுக்குள் போகும், வைட்டமினைச் சொல்லித்தான் அந்தச் சர்க்கரையும் விற்பனையாகிறது. அட்டையின் முன்பக்கத்தில் சேர்த்ததைப் பெரிதாக எழுதுவார்கள். எதில் சேர்த்தார்கள் என்பது பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒவ்வொன்றாக நாளைக்கு எழுதுகிறேன்.

3 நவம்பர்

டப்பா பவுடரில் தொடங்குகிறேன். கடையில் அதிகம் விவாதம் நடப்பது இதற்குத்தான்.

பொருள் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வரவேண்டும் என்பது விதி. எங்கள் அலமாரியில் இருக்கும் டப்பாக்களைத் திருப்பிப் பார்த்தால் முதலில் தானிய மால்ட், அடுத்தே சர்க்கரை, பிறகு மால்டோடெக்ஸ்ட்ரின் அல்லது குளுக்கோஸ் சிரப். இந்தக் கடைசி இரண்டும் சர்க்கரையின் நெருங்கிய சொந்தம்தான், பெயர்தான் வேறு. வைட்டமின், தாது எல்லாம் பட்டியலின் வால் பகுதியில் வரும். அவை மில்லிகிராம் கணக்கில் இருப்பதால் அங்கேதான் வர முடியும், அதில் தப்பில்லை.

2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்பவர் போர்ன்விட்டாவின் சர்க்கரை பற்றி ஒரு வீடியோ போட்டார். நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதும் வீடியோவை எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள், சேர்க்கும் சர்க்கரை 100 கிராமுக்கு 37.4 கிராமிலிருந்து 32.2 கிராமாகக் குறைந்தது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இந்த வகை பானங்களை "ஹெல்த் டிரிங்க்" என்ற தலைப்பில் வைக்காதீர்கள் என்று ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. காரணம் எளிது: 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. அதே மாதம் ஹார்லிக்ஸ் நிறுவனமும் "ஹெல்த்" என்ற சொல்லை விட்டுவிட்டு வேறு தலைப்புக்கு மாறியது.

ஒரு தனி மனிதர் கைபேசியில் எடுத்த வீடியோவால் சர்க்கரை குறைந்தது என்பதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். அந்தப் பின்பக்கத்தை அதுவரை எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

நம் வீடுகளில் இன்னொரு பழக்கம் உண்டு. பவுடர் போட்ட பிறகு மேலே ஒரு கரண்டி சீனியும் போடுவார்கள். பிள்ளைகள் டப்பாவைத் திறந்து அள்ளி வாயில் போட்டுக்கொள்வது தனி. ஒரு வேளைக்கு இத்தனை கிராம் என்று நிறுவனம் போடும் கணக்கில் இதெல்லாம் வராது.

3 நவம்பர், சற்றுப் பிறகு

"நாங்களெல்லாம் அதைக் குடித்துத்தானே வளர்ந்தோம்" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அண்ணே, அதோடு சோறு, முட்டை, கடலை, மீன் எல்லாம் சாப்பிட்டுத்தானே வளர்ந்தீர்கள்? எதனால் வளர்ந்தீர்கள் என்று எப்படிப் பிரிப்பது?

உயரம், பலம், புத்திக்கூர்மை என்று வாக்குக் கொடுத்த ஹார்லிக்ஸ் விளம்பரம் ஒன்றை 2008-ல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் நிறுத்தியது. வங்கதேசத்துக்காக எடுத்த விளம்பரம் அது, பிரிட்டனில் ஒரு நேபாளி சேனலில் ஓடிவிட்டது. சொல்வதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதுதான் காரணம். அதே வாக்கை நம் வீட்டுத் தொலைக்காட்சியில் ஆண்டுக்கணக்காகப் பார்த்தோம்.

4 நவம்பர்

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள், இல்லாவிட்டால் ஒருபக்கமாகிவிடும்.

வெறும் பாலைத் தொடாத பிள்ளை, ஒரு கரண்டி பவுடர் போட்டால் ஒரு தம்ளர் பால் குடிக்கிறது என்றால், அந்தப் பால் உள்ளே போவது நல்லதுதான். அங்கே பவுடர் மணத்துக்காக. அப்படி நினைத்து வாங்கினால் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்வோம், இருப்பதில் சின்ன பாக்கெட்டாக எடுப்போம். சத்து என்று நினைத்து வாங்கினால்தான் மூன்று கரண்டி போகிறது. சில டப்பாக்களில் "ஒரு கப்பில் இவ்வளவு கால்சியம், இவ்வளவு புரதம்" என்று போட்டிருப்பது பாலையும் சேர்த்த கணக்கு. நட்சத்திரக் குறி போட்டு அடியில் எழுதியிருப்பார்கள். அதில் பெரும்பங்கு உங்கள் பாலுடையது.

அப்புறம், ஆபரேஷன் ஆனவர்கள், மெல்ல முடியாத பெரியவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கும் பவுடர் வேறு. அதை இதோடு குழப்பிக்கொண்டு நிறுத்திவிடாதீர்கள்.

என்னை உறுத்துவது ஐந்து ரூபாய் சாஷே. கடையில் சரம் சரமாகத் தொங்கும். தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகும் அக்கா ஒருவர், கூலி வாங்கிய கையோடு வந்து தினம் பிள்ளைக்கென்று ஒன்று கிழித்து வாங்கிப் போவார். இன்னும் ஒன்றிரண்டு ரூபாய் போட்டால் ஒரு முட்டை. ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம், ஏ வைட்டமின், பி12 எல்லாம் இருக்கிறது. ஒரு நாள் சொல்லியே விட்டேன். "முட்டை பள்ளிக்கூடத்தில் போடுறாங்களே, இதுதான் படிப்புக்கு நல்லதுன்னு டிவியில சொல்றாங்க" என்றார். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன். தன் பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும் என்று ஒரு தாய் நினைப்பதை வைத்து விற்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

5 நவம்பர்

உப்பு பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். இது என் மனதுக்குப் பிடித்த விஷயம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இமாசலத்தில் காங்ரா பள்ளத்தாக்கு. அங்கே கழுத்துக் கழலை சாதாரணக் காட்சியாக இருந்தது. மலை மண்ணில் அயோடின் இல்லை, அதில் விளைவதிலும் இல்லை. 1956-ல் டாக்டர் வி. ராமலிங்கசாமியும் அவரோடு இருந்தவர்களும் பள்ளத்தாக்கைப் பகுதிகளாகப் பிரித்து, சிலவற்றுக்கு அயோடின் சேர்த்த உப்பும் ஒன்றுக்கு வெறும் உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் அயோடின் உப்புப் பகுதிகளில் கழலை நன்றாகக் குறைந்தது. வெறும் உப்புப் பகுதியில் அப்படிக் குறையவில்லை. பிறகு அங்கேயும் அயோடின் உப்பைக் கொடுத்தார்கள், அங்கேயும் குறைந்தது. 1962-ல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது.

கழுத்தில் தெரிவது மட்டுமே பிரச்சினை இல்லை. கர்ப்பகாலத்தில் அயோடின் போதாமல் போனால் பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கும். பிறகு எந்த டப்பாவாலும் அதைச் சரிசெய்ய முடியாது. புத்திக்கூர்மைக்கு நிரூபணத்தோடு உதவும் பொருள் ஒன்று நம் கடையில் இருக்கிறது என்றால் அது கிலோ முப்பது ரூபாய் உப்புதான். அதற்கு யாரும் குழந்தையை வைத்துப் பெரிய விளம்பரம் எடுப்பதில்லை.

வீட்டுக்கு வரும் உப்பில் பத்து லட்சத்தில் 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. திறந்த டப்பாவில், அடுப்புக்குப் பக்கத்தில் ஈரத்தோடு வைத்தால் குறையும். மூடி வையுங்கள். கல் உப்புதான் வேண்டும் என்பவர்களுக்கு அயோடின் சேர்த்த கல் உப்பும் கிடைக்கிறது. பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கவும்.

இப்போது இந்துப்பு. எண்பத்து நாலு தாதுக்கள் இருக்கின்றன என்று விற்கிறார்கள். அதில் பெரும்பகுதி நாம் தினமும் போடும் அதே சோடியம் குளோரைடுதான். மற்றவை சொற்பம், அவற்றிலிருந்து சத்து கிடைக்க வேண்டுமானால் யாரும் சாப்பிட முடியாத அளவு உப்பைச் சாப்பிட வேண்டும். பல பாக்கெட்டுகளில் அயோடின் சேர்ப்பதே இல்லை. பல மடங்கு விலை கொடுத்து, நிரூபணமான ஒரு சத்து இல்லாத உப்பை வாங்குகிறோம். கேள்வி கேட்ட தங்கை, மாமனார் மட்டும் சாப்பிட்டால்கூடப் போகட்டும். வீட்டுச் சமையல் முழுக்க அதில் நடக்கிறது என்றால், முக்கியமாக வீட்டில் கர்ப்பிணியோ சின்னப் பிள்ளையோ இருந்தால், உடனே மாற்றுங்கள்.

6 நவம்பர்

ரேஷன் அரிசி பற்றிக் கோபமாக ஒருவர். பிளாஸ்டிக் அரிசி கலக்கிறார்களாம், தண்ணீரில் மிதக்கிறதாம்.

பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் கலந்து, அரிசி வடிவத்திலேயே அச்சில் பிழிந்து, சாதாரண அரிசியோடு நூற்றுக்கு ஒன்று என்று கலக்கிறார்கள். மாவில் செய்ததால் நிறம் கொஞ்சம் மாறும், சில மிதக்கும். எங்கள் தெருவிலேயே முறத்தில் போட்டுப் புடைத்துப் பொறுக்கி எறிகிறார்கள். சத்தை எறிகிறோம் என்று தெரியாமல் எறிகிறார்கள். ரேஷன் கடையில் அதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை, ஒரு சின்னத் தாள்கூடக் கொடுப்பதில்லை. ஜனங்கள் பயப்படாமல் என்ன செய்வார்கள்?

நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொன்னது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். அதனால் நோக்கம் சரி. ஆனால் உப்புக்குச் சொன்ன உறுதியோடு இதற்குச் சொல்ல மாட்டேன். அரிசியில் சேர்த்த இரும்பால் ரத்தசோகை எவ்வளவு குறைகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே வாதம் இருக்கிறது. தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய் இருப்பவர்கள் இந்த அரிசியை டாக்டரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். சிக்கிள்செல் என்ற இன்னொரு பரம்பரை ரத்தநோய் இருப்பவர்களும் கேட்டுக்கொள்வது நல்லது, நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அது இருக்கிறது. விலைக்கு வாங்கினால் வேண்டாம் என்று ஒதுங்கலாம். ரேஷனை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில் அப்படி ஒதுங்க முடியாது. அதனால் இதை விளக்கிச் சொல்லும் பொறுப்பு கொடுப்பவருடையது.

6 நவம்பர், இரவு

பால் பற்றிச் சுருக்கமாக. ஏ, டி இரண்டும் கொழுப்பில் இருக்கும் வைட்டமின்கள். கொழுப்பை எடுத்துவிட்ட பாலில் அவையும் போய்விடும், அதைத் திரும்பச் சேர்க்கிறார்கள். ஆவினிலும் அப்படிச் சேர்த்த பால் இருக்கிறது. பாக்கெட்டில் கூட்டல் குறியும் எஃப் எழுத்தும் கொண்ட நீல முத்திரை பாருங்கள். அது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ வரையறுத்த அளவில் சத்து சேர்த்ததற்கு அடையாளம். கூடுதல் விலை பெரிதாக இல்லை. வாங்கலாம்.

8 நவம்பர்

ஓஆர்எஸ் பற்றி எழுதச் சொல்லி ஒரு தம்பி கேட்டார். இந்த முழுப் பேச்சிலும் எனக்கு அதிகம் கோபம் வருவது இதில்தான்.

வயிற்றுப்போக்கில் குழந்தை இறக்காமல் காப்பாற்றும் உப்பு சர்க்கரைக் கரைசல் அது. 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா வந்தபோது டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் அதைப் பெரிய அளவில் கொடுத்துப் பல உயிர்களைக் காப்பாற்றினார். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கணக்கு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. அந்த அளவில்தான் எல்லாம் இருக்கிறது. குளுக்கோஸும் உப்பும் சரியாகச் சேர்ந்தால் குடல் தண்ணீரை உள்ளே இழுக்கும். சர்க்கரை மிதமிஞ்சினால் உடம்பின் தண்ணீர் குடலுக்குள் போகும், போக்கு இன்னும் கூடும்.

ஆனால் பழச்சாறு போல இனிக்கும் பானங்களை, பெயரில் ஓஆர்எஸ் எழுத்துகளைச் சேர்த்து, அட்டைப் பெட்டியில் அடைத்து ஆண்டுக்கணக்காக விற்றார்கள். என் தங்கை பிள்ளைக்கு இரண்டு வயதில் வயிற்றுப்போக்கு வந்தபோது, ஒரு மருந்துக்கடையில் ஓஆர்எஸ் கேட்டதற்கு இதைத்தான் கொடுத்தார்கள். பிள்ளையும் விரும்பிக் குடித்தது. போக்கு நிற்கவே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இது ஜூஸும்மா" என்று சொல்லி, சரியான பொடியை இலவசமாகக் கொடுத்தார்.

ஐதராபாத்தில் டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் என்ற குழந்தை மருத்துவர் இதற்காக ஆண்டுக்கணக்காகப் போராடினார். 2025 அக்டோபர் 14-ல் எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவு போட்டது: எந்த உணவுப் பொருளும் பெயரில் முன்னாலோ பின்னாலோ எதைச் சேர்த்தும் ஓஆர்எஸ் என்ற சொல்லைப் போடக்கூடாது. எச்சரிக்கை வாசகம் போட்டால் விற்கலாம் என்று 2022-லும் 2024-லும் கொடுத்திருந்த அனுமதியையும் திரும்பப் பெற்றது.

உத்தரவு வந்தாலும் பழைய சரக்கு எங்காவது இருக்கும். வாங்கும்போது பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நடுராத்திரி எதுவும் கிடைக்கவில்லை என்றால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக்கூடாது. விடிந்ததும் டாக்டரிடம் போங்கள்.

மற்றப் பொருட்களில் போவது காசு. இதில் உயிர் போகலாம்.

9 நவம்பர்

ப்ரோபயாடிக் குட்டி பாட்டில், அதாவது வயிற்றுக்கு நல்லது என்று உயிருள்ள பாக்டீரியா சேர்த்த பால் பானம். இதில் உடனே வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

ஜப்பானில் மினோரு ஷிரோட்டா 1935-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த யாகுல்ட்தான் இதற்கு முன்னோடி. 65 மில்லி பாட்டிலில் 650 கோடி பாக்டீரியா. குறிப்பிட்ட ஒரு வகை, எண்ணிக்கையும் சொல்லப்பட்டது, அது நேர்மையான விஷயம். ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது வரும் வயிற்றுப்போக்குக்குச் சில பாக்டீரியா வகைகள் உதவுகின்றன என்பதற்கும் ஆதாரம் உண்டு. ஆனால் ஒரு வகை செய்வதை இன்னொரு வகை செய்யும் என்று சொல்ல முடியாது. நோய் எதிர்ப்புச் சக்தி கூடும், சளி பிடிக்காது என்று விரித்துக்கொண்டே போவதில்தான் வம்பு. அமெரிக்காவில் ஆக்டிவியா தயிரையும் இன்னொரு பால் பானத்தையும் மிகைப்படுத்தி விளம்பரம் செய்த டானன் நிறுவனம், 2010-ல் 39 மாநிலங்களோடு சமரசம் செய்து 2.1 கோடி டாலர் கட்டியது. ஐரோப்பாவில் ப்ரோபயாடிக் என்ற சொல்லையே உடம்புக்கு நல்லது என்ற ஒரு வாக்காக எடுத்துக்கொண்டு ஆதாரம் கேட்கிறார்கள்.

வீட்டுத் தயிரில் எந்த வகை பாக்டீரியா, எத்தனை என்று தெரியாது. அதனால் இரண்டும் ஒன்றேதான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உடம்புக்கு எதுவும் இல்லாத பிள்ளைக்குத் தினமும் பாட்டில் வாங்க வேண்டிய தேவை என்ன? அந்தப் பாட்டிலில் சர்க்கரையும் இருக்கிறது. ஒரு கிண்ணம் தயிரில் கால்சியமும் புரதமும் சேர்ந்து வரும். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பழைய சோறு பற்றி ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள் என்று படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். நம் கஞ்சிக் கலயத்தையும் யாரோ அளந்து பார்க்கிறார்களே.

10 நவம்பர்

கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்: கொலஸ்ட்ரால் விலங்கிலிருந்து வரும் உணவில் இருப்பது. கடலை, எள், சூரியகாந்தி, தேங்காய் எதிலும் கிடையாது. பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் இருக்கும் எண்ணெயிலும் இல்லை. அந்த எழுத்துக்காக ஒரு ரூபாயும் கூடக் கொடுக்காதீர்கள்.

ராகி பிஸ்கட்: பெயரில் சொன்ன பொருள் எத்தனை சதவீதம் என்று பொருள் பட்டியலில் போட வேண்டும். தேடிப் பாருங்கள். எங்கள் கடையில் இருப்பதில் மைதா, சர்க்கரை, பாமாயில் எல்லாம் ராகிக்கு முன்னால் நிற்கின்றன. 2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று வந்ததும் ஏஜென்சிக்காரர் கொண்டுவரும் எல்லாப் பாக்கெட்டிலும் கதிர் படம் முளைத்துவிட்டது. கேப்பை மாவு அதே கடையில் பக்கத்து மூட்டையில் இருக்கிறது. நூறு கிராம் கேப்பையில் 350 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், பாலில் 120 போல. முளைகட்டி வறுத்து அரைத்தால் உடம்பு அதை நன்றாக எடுத்துக்கொள்ளும்.

ஓட்ஸ்: இதற்கு ஆதரவாகவே பேசுவேன். அதில் இருக்கும் பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து நாளைக்கு மூன்று கிராம் போனால் கெட்ட கொலஸ்ட்ரால் குறையும் என்பதை அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1997-லேயே ஏற்றது. ஆனால் வெறும் ஓட்ஸ் வாங்க வேண்டும், மசாலா சாஷேயில் உப்பு அதிகம். பார்லியிலும் அதே நார்ச்சத்து இருக்கிறது. அதற்கு விளம்பரம் கிடையாது, மூலையில் கிடக்கும், விலையும் குறைவு.

12 நவம்பர்

"கடைக்காரியே இப்படிப் பேசினால் பிழைப்பு?" என்று ஒருவர் கவலைப்பட்டிருக்கிறார்.

டப்பாவில் ஸ்கீம் வரும், அதாவது விற்றால் நிறுவனம் கடைக்குத் தரும் சலுகை; அலமாரியின் முன்வரிசையில் வைக்கத் தனிக் காசு வரும், உண்மைதான். பிள்ளைகளின் கண் மட்டத்தில் வைக்கச் சொல்வார்கள், பென்சில் பெட்டி இலவசம் என்றால் பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு விடாது. கேப்பைக்கும் பொட்டுக்கடலைக்கும் ஸ்கீம் கிடையாது. ஆனால் எங்களிடம் வாங்குபவர்கள் தெரு ஜனங்கள், தினமும் முகம் பார்த்துப் பேச வேண்டியவர்கள். கேட்டால் சொல்வேன். டப்பாவே கேட்டால் கொடுப்பேன், அது அவர்கள் முடிவு. முன்வரிசையில் இப்போது பொட்டுக்கடலை, வறுகடலை, சத்துமாவு வைத்திருக்கிறேன். விற்கிறது.

13 நவம்பர்

ப்ரோட்டீன் பார் பற்றிக் கேட்ட கல்லூரித் தம்பிக்கு: நிலக்கடலையில் நூறு கிராமுக்கு 25 கிராம் போலப் புரதம். எங்கள் ஊர்க் கடலை மிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடு வாங்கியது. அதில் கடலை, வெல்லம் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. வெல்லமும் சர்க்கரைதான், அதனால் சுகர் இருப்பவர்களுக்குச் சொல்லவில்லை. உடற்பயிற்சி முடித்துப் பசியோடு வரும் இருபது வயதுப் பையனுக்கு அவித்த கடலையும் இரண்டு முட்டையும் போதும். கேட்கிறீர்களே, சந்தோஷம். என்னிடம் வரும் பையன்கள் நிறையப் பேர் ஜிம்மில் சொன்னதும் நேராகப் பெரிய டப்பாவுக்குப் போய்விடுகிறார்கள். நம் மக்கள் புரதப் பவுடரைத் தேவையில்லாமல் சாப்பிட வேண்டாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே சொல்லியிருக்கிறது.

15 நவம்பர்

சோடியம் குறைத்த உப்பை ஒரு அம்மா கேட்டிருந்தார், வீட்டுக்காரருக்கு ரத்தக்கொதிப்பு என்று. அதில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு போடுகிறார்கள். 2014-ல் தமிழ்நாடு உப்பு நிறுவனம் அம்மா உப்பு என்று கொண்டுவந்த மூன்று வகைகளில் ஒன்று இது. ரத்தக்கொதிப்புக்கு உதவும், உலக சுகாதார நிறுவனமும் 2025 ஜனவரியில் இதைப் பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு ஆகாது, பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயத்துக்கு ஆபத்து. சில ரத்தக்கொதிப்பு மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும். ஐயாவின் மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டி, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு வாங்குங்கள். அயோடின் இருக்கிறதா என்பதையும் பாக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊறுகாய், அப்பளம், கருவாட்டை அப்படியே வைத்துக்கொண்டு உப்பை மட்டும் மாற்றினால் பெரிதாகக் குறையாதே என்று அடுத்துக் கேட்டவருக்கு: சரிதான், எங்கள் வீட்டில் அப்பாவுக்கு முதலில் நிறுத்தியது அப்பளத்தைத்தான்.